மூக்கனின் போத்தல்

வீட்டில் பழம் எதுவும் இல்லை. கொட்டகலைக் கடைவீதிக்குப் போயே மூன்று வாரமாகிறது. அப்படியிருந்தும் லயத்து வரிசை வீட்டின் அந்த ஒற்றைக் காம்பராவுக்குள் நன்றாகக் கனிந்த பழத்தின் வாசனை வீசியது. ராக்காயி அடுப்படியைப் பார்த்தாள், அரிசிச் சாக்கைத் தூக்கிப் பார்த்தாள், பிறந்து ஆறு நாளான பிள்ளை கிடந்த தூளியைக்கூட மோந்து பார்த்தாள். கடைசியில்தான் தெரிந்தது, வாசனை அவள் புருஷன் ஆண்டியப்பனின் காலிலிருந்து வருகிறது.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி சறுக்கி முழங்காலுக்குக் கீழே பட்ட காயம். தேயிலை மலையில் இதற்கெல்லாம் யார் பயப்படுகிறார்கள்? அவள் கட்டைப் பிரித்தாள். சீழ் மஞ்சளாக இல்லை. பச்சையும் நீலமுமாக, மயில் கழுத்து நிறத்தில் துணி ஊறியிருந்தது.

“வலிக்குதாங்க?”

“வலிச்சாத்தான் தேவலையே புள்ள. அந்த எடமே மரத்துப்போச்சு.”

பிள்ளையைப் பக்கத்துக் காம்பரா பேச்சியம்மாவிடம் விட்டுவிட்டு, பிள்ளை பெற்ற உடம்போடு மழையில் தோட்டத்து மருந்துச்சாலைக்கு நடந்தாள். டிஸ்பென்சர் துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர், உடுப்பில் ஒரு கசங்கல் இருக்காது. அவர் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

“அஞ்சு நாளாய்ப் பென்சிலின் ஊசி போட்டாச்சுது. அதுக்கும் அடங்காத கிருமி எங்கை இருக்கு? நீ ஒழுங்காய்க் கழுவேல்லை. ஊத்தைச் சனம்!”

“பெரியாஸ்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதிக் குடுங்கையா…”

“துண்டோ? முதல்லை நாளுக்கு நாலு தரம் கழுவு. எங்கை போத்தல்?”

போத்தல் கொண்டுபோகாதவர்களுக்கு அங்கே மருந்து கிடையாது. லயத்திலோ போத்தலுக்குப் பெரும் பஞ்சம். காயம்பட்ட அன்று பேச்சியம்மாதான் தன் போத்தலை இரவல் கொடுத்தாள். அவள் புருஷன் மூக்கன் போன மாதம் கால் புண்ணில் செத்துப்போனான். அவனுக்குப் புண் கழுவ வாங்கிய மருந்துத் தண்ணீர் அடியில் நாலு விரல் மிச்சம் இருந்தது. மருந்தை யாராவது கீழே கொட்டுவார்களா? துரைராசா அன்றைக்கும் அந்த மிச்சத்தின் மேலேயே புதுசை ஊற்றினார். இன்றைக்கும் ஊற்றி, அதே தக்கையை அழுத்தி மூடினார்.

நாலு தரம் என்றார். அவள் ஆறு தரம் கழுவினாள். ஊத்தைச் சனம் என்ற சொல் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. தகரக் கூரையில் மழை விடாமல் கொட்ட, பகல் இரண்டு மணிக்கே பனிமூட்டம் வாசல்வரை வந்து அடைத்துக்கொள்ள, குந்தியிருந்து துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றி ஒற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்கத் துடைக்க அந்தப் பழவாசனை கம்பளியிலும் அடுப்புப் புகையிலும் அவள் தின்கிற சோற்றிலும் ஏறியது. புண் முழங்காலைத் தாண்டியது. ஓரம் கறுத்தது. ஆண்டியப்பன் கூரையைப் பார்த்து மூக்கனோடு பேச ஆரம்பித்தான்.

நாலாம் நாள் மத்தியானம், கஞ்சியோடு வந்த பேச்சியம்மா கட்டிலருகே நின்று மூக்கை உறிஞ்சினாள். சட்டியைக் கீழே வைத்தாள்.

“என்னக்கா?”

“சொல்லாம அடக்கி வச்சிருந்தேன் புள்ள. எங்க வீட்டுக்காரரு சாவுறப்பவும் இதே வாசந்தான் அடிச்சிச்சு.”

ராக்காயி ஆண்டியப்பனின் காலைத் திரும்பிப் பார்த்தாள். மூக்கன் கால். இவன் கால். ரெண்டுக்கும் பொதுவாக என்ன?

அடுப்பு மேட்டில் போத்தல் இருந்தது.

தக்கையைப் பிடுங்கினாள். மோந்து பார்த்தாள்.

பழம்.

தக்கையின் அடியில் பச்சையாக வழவழத்தது.

“ஐயோ, நானே கழுவிக் கழுவிக் கொன்னுக்கிட்டு இருக்கேனே!”

போத்தலைத் தூக்கி எறியப் போனவள் நின்றாள். காலையில் அவள் கழுவி முடித்தபோது பாதிக்கு மேல் இருந்தது. இப்போது இரண்டு விரல் குறைந்திருந்தது.

“அக்கா… இதுல யாரு எடுத்தது?”

“நாந்தான். நீ அசந்து தூங்குன. புள்ளைக்குத் தொப்புளு ஈரமாவே இருந்திச்சு. மூணு நாளா நாந்தான் தொடச்சு விடுறேன். நல்ல மருந்தாச்சேன்னு…”

பேச்சியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

தூளி ஆடவில்லை.

ராக்காயி ஒரு எட்டு வைத்தாள். இன்னொரு எட்டு. துணியை விலக்கினாள்.

முதலில் வாசனை. பிறகு நிறம். தொப்புளைச் சுற்றி, உள்ளங்கை அகலத்துக்கு, மயில் கழுத்து.

பிள்ளை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. பால் கேட்டுச் சப்புக்கொட்டியது.