ஏழாம் கதவின் மூன்று பாகம்

"தண்ணி நாலு கை," என்றான் கஸ்பார், சமையல் நூலைப் பார்த்து.

"எனக்கு அஞ்சரைன்னு காட்டுது." அவன் தோளுக்குப் பின்னாலிருந்து அதே பக்கத்தைத்தான் ஜெசிந்தாவும் பார்த்தாள்.

"உன் கை சின்னது. நேத்து முதுகுல அடிச்சியே, கொசு கூட பறக்கல."

"இன்னொரு தடவை அடிக்கட்டுமா?"

இருவர் கண்ணிலும் வாசிப்புக் கண்ணாடி இருந்தது. முத்துத்துறையில் அது இல்லாமல் யாரும் ஒரு வரி படிப்பதில்லை. நூலானாலும் சுவரொட்டியானாலும் எழுத்து எல்லாம், ஊர் எழுத்தைக் கவனிக்கும் வாரியத்தின் நடைத்தாள் என்ற நிரல் வழியாகத்தான் கண்ணுக்கு வரும். வரும் வழியிலேயே எண்கள் வாசகருக்குப் பழகிய அளவுக்கு மாறிவிடும். முப்பது வருடங்களாக அது ஊர் அளவாக இருந்தது. கடலோர ஊர் என்பதால் இங்கே நீளத்துக்கெல்லாம் பாகம்; இரண்டு கைகளையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி. ஊருக்கெல்லாம் ஒரே பாகம்.

போன வருடம் சமையல் நூல்களில் மட்டும் வெள்ளோட்டம் பார்த்தார்கள். ஊர் அளவு போய், அவரவர் உடல் அளவு. அடுப்படியில் ஒருவர்தானே சமைக்கிறார், யாருக்கும் வம்பில்லை. கைக்குச் சரியாக இருக்கிறது என்று மக்கள் கொண்டாடினார்கள். அந்த நிரலை எழுதியவள் ஜெசிந்தா. இன்று காலை ஆறு மணி முதல் அது எல்லா நூல்களுக்கும் மானிகளுக்கும் அமலுக்கு வந்திருந்தது.

கஸ்பார் மழைச்சட்டையை மாட்டினான். ஜன்னலுக்கு வெளியே தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன.

"ரெமிஜியுஸ் இன்னும் கரை சேரல," என்றான். அவன் தம்பி. "படகு அஞ்சாறு வெளிய கெடக்கு. கதவை மூடுறதுக்குள்ள வந்துட்டா நல்லது."

"நீங்க பாத்து."

"நான் என்னத்தைப் பாக்க? பிரிஸ்கா அக்கா வரம்பு சொல்லும், நான் தண்ணி பாத்து மூடுவேன்."

போய்விட்டான்.

வாரிய அலுவலகத்தில் இயக்குநர் வரதகுணன் எல்லா மேசைக்கும் லட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"அவரவருக்கு அவரவர் எண்! சாதிச்சிட்டீங்கம்மா. ஊர் அளவையே அழிச்சிட்டீங்க பாருங்க, அதுதான் வேலை. இனி யாரும் யாரோட அளவையும் சுமக்க வேண்டாம்."

ஜெசிந்தாவின் திரையில் மாறிய நூல்களின் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிப் புவியியல். தையல் பயிற்சி. கிணறு வெட்டும் கலை. கடற்சுவர்க் காவல் கையேடு.

லட்டு கையிலேயே நின்றது.

கடற்சுவரில் ஏழாம் கதவு வழியாகத்தான் படகுகள் உள்ளே வரும். அந்தக் கதவுக்கு எப்போதும் இரண்டு பேர். ஒருவர் உள்ளறையில் கையேட்டைப் பார்த்து, அன்றைய காற்றுக்கும் கடல் ஓதத்துக்கும் வரம்பு எவ்வளவு என்று கூவுவார். மற்றவர் வெளியே நீர்மானியைப் பார்த்து, வரம்பைத் தொட்டதும் கதவை இறக்குவார். நீர் பார்ப்பவன் கையேட்டைத் தொடக்கூடாது. அவன் வீட்டுப் படகு வெளியே கிடந்தால் வரம்பைக் கூட்டிப் படித்துவிடுவான் என்று ஊர்க்கூட்டத்தில் எப்போதோ போட்ட கட்டுப்பாடு. படகே இல்லாத வீட்டிலிருந்துதான் நூல் படிப்பவர் வருவார். பிரிஸ்காவின் குடும்பம் உப்பளக் குடும்பம்.

பிரிஸ்கா அக்கா குள்ளம். கஸ்பார் நெடுநெடு என்று ஆறடிக்கு மேல்.

நிரலுக்குள்ளே எண்கள் மீட்டரில்தான் கிடக்கும்; அது நிரலர்களுக்கு மட்டும் தெரியும். ஜெசிந்தா காகிதத்தை இழுத்துப் போட்டுக் கணக்குப் பார்த்தாள். இன்றைய காற்றுக்கு வரம்பு நாலரை மீட்டர். பிரிஸ்காவின் பாகம் ஒன்றரை மீட்டர். கையேட்டில் அவள் பார்ப்பது மூன்று பாகம். "மூணு!" என்று கூவுவாள். கண்ணாடி வழியாகப் பார்க்கும் நீர்மானியில் கஸ்பார் தன் பாகத்தில் மூன்றுக்காகக் காத்திருப்பான். அவன் பாகம் ஒன்று புள்ளி ஒன்பது மீட்டர். மூன்று என்றால் ஐந்தே முக்கால் மீட்டர், கொஞ்சம் குறைய.

சுவரே ஐந்தரை மீட்டர்தான்.

"சார், காவல் கையேட்டை மட்டும் பழையபடி மாத்தணும். இப்பவே."

"வாரியம் கூடாம எப்படிம்மா? வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கு."

"சார், ஒருத்தர் படிக்கிறாங்க, இன்னொருத்தர் பாக்குறாங்க. ரெண்டு பேர் கண்ணாடிலயும் ரெண்டு எண்!"

"ரெண்டும் சரிதானே?"

"தனித்தனியா சரி சார்! ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் காதால கேக்கும்போதுதான்..."

"காதுக்கு நம்ம வாரியம் பொறுப்பில்லை," என்றார் வரதகுணன் புன்னகையுடன்.

அவள் கதவறைக்கு அழைத்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. கஸ்பாரின் எண்ணுக்கு அழைத்தாள். காற்றின் இரைச்சலோடு அழைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள். பதினோராவது முறை அழைக்கும்போது ஊரின் சங்கு ஊதத் தொடங்கியது. நிற்காமல் ஊதியது.

கடல் சுவரைத் தாண்டிவிட்டது.

அடித்துப் பெய்த மழையில் சுவரின் விளிம்பு கஸ்பாருக்குத் தெரியவில்லை. தெரிந்தது கண்ணாடியில் மின்னிய எண் மட்டும். தண்ணீர் காலை வாரியபோதுதான் நெம்புகோலை இழுத்திருக்கிறான். இருபது நிமிடத் தாமதம். கீழத்தெருவில் ஆறு பேர் இறந்தார்கள். கஸ்பார் கம்பியில் மோதி விலா முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்த இருபது நிமிடத்தில்தான் ரெமிஜியுஸின் படகு உள்ளே வந்திருந்தது.

மாலை நான்கு மணிக்கு இருவரின் வாக்குமூலங்களும் வாரியத்துக்கு வந்தன. வாயால் சொன்னதை எழுத்தாக்கி, நூலாகவே அனுப்புவது வழக்கம். வரதகுணன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். படிக்கப் படிக்க முகம் இறுகியது.

"உட்காரும்மா. உன் புருஷன் விஷயம்... நல்லா இல்லை."

"சார், ரெண்டு பேருமே மூணுன்னுதான் சொல்லியிருப்பாங்க. அந்தம்மா மூணுன்னு கூவினாங்க, இவருக்கும் மூணுன்னுதான் கேட்டிருக்கு."

"நானே படிக்கிறேன் கேளு. பிரிஸ்கா: 'வரம்பு ரெண்டே முக்கால் பாகத்துக்குக் கொஞ்சம் குறைவுன்னு கூவினேன்.' கையேட்டிலயும் அதே எண்தான் இருக்கு, பாத்துட்டேன். உன் புருஷன்: 'அவங்க மூணேகாலுக்கு மேல சொன்னாங்க.' தம்பி படகு வெளிய. அரைப் பாகத்துக்கு மேல கூட்டிச் சொல்றான்."

ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. பேச்சில் வந்த எண்ணையும் நடைத்தாள் விட்டுவைக்கவில்லை. சொன்னவரின் பாகத்திலிருந்து படிப்பவரின் பாகத்துக்கு. பிரிஸ்காவின் மூன்று ஒன்றாகவும் கஸ்பாரின் மூன்று வேறொன்றாகவும் அவர் கண்ணுக்கு வந்து சேர்ந்திருந்தன. அதைச் செய்யும் வரியும் ஜெசிந்தா எழுதியதுதான். அன்று அதற்குக் கைதட்டல் கூடக் கிடைத்தது.

"ரெண்டு பேரும் சொன்னது ஒரே சொல் சார்! வரம்பு நாலரை மீட்டர். அதை வச்சுப் பாருங்க."

"மீட்டரா? அது யாரோட அளவு?"

"யாரோடதும் இல்லை சார். அதனாலதான்..."

"யாரோடதும் இல்லாத அளவை வச்சு நான் எப்படித் தீர்ப்பு எழுத?"

"பிரிஸ்கா அக்காவுக்கு ஒரு போன் போட்டு வாயால கேளுங்க. ஒரே ஒரு கேள்வி."

"சட்டப்படி நான் படிக்கணும். கேக்கக்கூடாது." குரலில் இரக்கம் கூட இருந்தது. "மத்த ரெண்டு உறுப்பினர்களும் படிச்சாச்சு. அவங்கவங்க கண்ணாடில அவங்கவங்க எண். ஆனா மூணு பேருக்கும் ஒரே முடிவு. இதுக்கு மேல என்ன நிரூபணம் வேணும்? அறிக்கையை ஊருக்கு அனுப்பியாச்சு."

"அனுப்பியாச்சா?"

"ஆறு உசுரு போயிருக்கு. ஜனங்க காத்திருக்காங்க இல்லையா?"

அவள் படியிறங்கும்போதே கைபேசி அடித்தது. கஸ்பார். மூச்சு வாங்கியது.

"ஏட்டி, அறிக்கை படிச்சியா? அந்தப் பொம்பளை என்ன சொல்லியிருக்கா பாத்தியா? ரெண்டேகாலுக்குச் சித்த மேலன்னு கூவினாளாம்! என் காதுல விழுந்தது மூணு, ஜெசி. மாதா மேல ஆணை. மூணு!"

"அவங்களும் மூணுன்னுதான் சொன்னாங்க. உங்க கண்ணாடில அப்படி மாறித் தெரியுது. யாரும் பொய் சொல்லலங்க."

"நான் சொன்னது மட்டும் மாறலையே? மூணுன்னு சொன்னேன், மூணுன்னுதான் இருக்கு. அவ சொன்னது மட்டும் மாறுமா? பதினாலு வருசம் ஒண்ணா நின்னோம். ஒரே நாள்ல என்னைக் கொலைகாரனாக்கிட்டா!"

"கேளுங்க, அவங்க கண்ணாடில நீங்கதான்..."

"அவ மவனுங்க ஆஸ்பத்திரி ரூமுக்கு வெளிய வந்து நிக்கிறானுங்க. அவனுங்க அறிக்கைல நான் மூணரைன்னு சொல்லியிருக்கேனாம். எங்கம்மா மேலயா பழியைப் போடுறன்னு சத்தம் போடுறானுங்க. கீழத்தெரு ஆளுங்களும் கூட இருக்காங்க."

பின்னால் கதவைத் தட்டும் சத்தம் அவளுக்கே கேட்டது. ஒரு கை இல்லை, பல கைகள்.

"கண்ணாடியைக் கழட்டுங்க," என்றாள் ஜெசிந்தா. சாலையில் ஓடத் தொடங்கியிருந்தாள். "அவங்களையும் கழட்டச் சொல்லுங்க. பிரிஸ்கா அக்காவை வரச் சொல்லி, என்ன கூவினீங்கன்னு எல்லார் முன்னாலயும் வாயால கேளுங்க. வாயால, கேக்குதா?"

கஸ்பார் கதவுப் பக்கம் திரும்பிக் கத்தினான். அவள் சொன்னதையே சொன்னான். வெளியே யாரோ பதில் கத்தினார்கள். சில பேர் சிரித்தார்கள்.

"என்ன சொல்றாங்க?"

"எழுதினதையே புரட்டிப் பேசுறவன் வாயால சொல்றதை எவன் நம்புவான்னு கேக்குறானுங்க." அவன் குரல் இறங்கியது. "எனக்கே தெரியல ஜெசி. அவ வந்து மூணுன்னு சொன்னா, நான் அவளை நம்புறதா, நான் படிச்சதை நம்புறதா?"

அவள் பதில் சொல்வதற்குள் மறுமுனையில் தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது.