கூலிங் வராத அறை

ஏசியிலிருந்து காற்று வந்தது, குளிர்ச்சிதான் வரவில்லை. தெருவில் தார் இளகிக் கிடந்த மத்தியானம். கட்டிலில் ஏறி நின்று அவள் கையை நீட்டிப் பார்த்தாள். வெதுவெதுவென்று, லேசான ஈரத்தோடு, மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்கு முன் வாயருகே வைத்து ஊதுவோமே, அந்த மாதிரி உள்ளங்கையில் பட்டது.

கணவர் போனபின் மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்த அறை அது. நுரையீரல் நோயில் அவர் கடைசியாகப் படுத்திருந்த கட்டிலும் இதுதான். திறக்கவே வேண்டாம் என்றுதான் இருந்தாள். மகள் விடவில்லை. ஆறு வயது, வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். "அப்பா ரூம்லதான் ஏசி இருக்கு, நான் அங்கதான் படுப்பேன்" என்று ஒற்றைக் காலில் நின்று, தலையணையோடு வந்து படுத்து, தூங்கியும்விட்டாள்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"சாயங்காலம் வந்துடறேன்கா. அதுக்குள்ள நீங்களே சிலது பார்த்துடுங்க. பாதி வீட்ல ரிமோட் ஃபேன் மோடுல இருக்கும். நான் நாலு மாடி ஏறி, நாக்கு தள்ளி வந்து, ஒரே ஒரு பட்டனை அமுக்கிட்டுத் திரும்பிப் போவேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று தோன்றியதும் நின்றுவிட்டது.

"கூல் மோடுலதான்பா இருக்கு."

"அப்ப ஃபில்டரைக் கழுவிப் போடுங்க. வெளி யூனிட்டை ஏதாவது மறைச்சிருக்கான்னு பாருங்க. அதுக்கும் மசியலைன்னா, மெயின் போர்டுல ஏசி சுவிட்சை இறக்கிட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சு ஏத்துங்க." சற்றுத் தயங்கினான். "அண்ணன் இருந்தா என்னைக் கூப்பிடவே விடமாட்டார், இல்லக்கா?"

"ம்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஏசியை நிறுத்தி, முன்மூடியைத் தூக்கி, ஃபில்டரை உருவினாள். கம்பளித்துண்டு போல் சாம்பல் நிறத் தூசி அப்பியிருந்தது. குழாயடிக்குக் கொண்டுபோனவள் தண்ணீரைத் திறக்காமல் நின்றாள். இதில் பாதி அவர்தானே. அவர் தோலில் உதிர்ந்தது, சட்டையில் பிரிந்த நூல், நெஞ்சில் தேய்த்துவிட்ட தைலத்தின் நெடி. துணிமணிகளைக்கூட யார் யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. வீட்டில் அவரென்று மிச்சமிருந்தது இந்த ஒரு பிடித் தூசிதான். அதற்காக டப்பாவில் போட்டா வைத்துக்கொள்ள முடியும்? கண்ணை மூடிக்கொண்டு குழாயைத் திருகினாள். அழுக்கு நீர் சுழன்று ஓடியது.

"போயிட்டு வாங்க" என்றது அவள் வாய், தன்னால். அவர் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று சொன்ன பழக்கம். செத்தவர்களை அப்படிச் சொல்லி அனுப்பக் கூடாது என்பது பிறகுதான் உறைத்தது.

ஃபில்டரைத் துடைத்து மாட்டி, ஏசியைப் போட்டுவிட்டுப் பால்கனிக்குப் போனாள். காயப்போட்ட போர்வை வெளி யூனிட்டின் மேல் சரிந்து கிடந்தது. அப்பாடா, இதுதான் விஷயம் என்று இழுத்து எடுத்தாள். உள்ளே விசிறி சுற்றவில்லை. காத்திருந்தாள். இரும்பின் மேல் காதை வைத்துப் பார்த்தாள், உயிரில்லை. சரி, சுவிட்சையும் இறக்கிப் பார்த்துவிடுவோம் என்று கூடத்துக்கு வந்து மெயின் போர்டில் அதை இறக்கினாள்.

அறைக்குள் திரும்பியபோது தைலம் மணத்தது.

ஏசியில் பச்சை விளக்கு அணைந்திருந்தது. காற்று வரும் மடல் மட்டும் திறந்தபடி நின்றது. ஆனால் ஏசிக்குள் சத்தம் ஓயவில்லை. நனைந்த துணியை யாரோ மெல்ல இழுப்பதுபோல ஒரு சத்தம். கட்டிலில் ஏறி, ஒரு டிஷ்யூ காகிதத்தின் நுனியை மடலில் செருகிவிட்டாள்.

காகிதம் அவள் முகத்தை நோக்கிப் பறந்து எழுந்தது. பிறகு தொங்கியது. பிறகு உள்பக்கம் இழுக்கப்பட்டு, மடலில் ஒட்டிக்கொண்டது.

இடைவெளி.

அந்த இடைவெளி அவளுக்குத் தெரியும். எத்தனை இரவு அதற்குள் உட்கார்ந்திருக்கிறாள், அவர் மார்பையே பார்த்துக்கொண்டு, தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு.

காகிதம் மறுபடி எழுந்தது.

"என்னங்க" என்றாள். பயத்துக்கு முன்னால் அழுகைதான் வந்தது. "இன்னுமா மூச்சு முட்டுது உங்களுக்கு?"

பதிலுக்கு வெதுவெதுப்பான காற்று அவளைத் தாண்டிக் கீழே இறங்கியது. சிட்டுவின் நெற்றிமயிர் அசைந்தது. சிட்டுவின் மார்பு உயர்ந்தது.

காற்று நின்றது. மார்பும் நின்றது.

அவள் பார்த்தாள். காகிதம் உள்ளே. குழந்தையின் மார்பு தாழ்ந்தது. இடைவெளி. காகிதம் வெளியே. மார்பு எழுந்தது.

வாரி எடுத்தாள். ஓடினாள். கூடத்து வெளிச்சத்தில் குழந்தையின் முகத்தைத் திருப்பினாள். மூச்சில்லை. "சிட்டு! அம்மாடி! எழுந்திருடி!" கன்னத்தில் தட்டினாள். முதுகில் தட்டினாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள். சுவரில் ஊதியது போலிருந்தது. தலை தோளில் சாய்ந்தது.

திரும்ப ஓடினாள்.

மடலுக்குக் கீழே வந்ததும் காற்று இறங்கியது. மார்பு எழுந்தது.

"அவ பச்சைக் குழந்தைங்க. விட்டுடுங்க அவளை." கெஞ்சினாள். "நான் வரேன். என்னை எடுத்துக்குங்க."

காற்று அவள் பக்கம் திரும்பவில்லை. குழந்தையின் மயிரை மட்டும் கோதிவிட்டது, அவர் கோதுவது போலவே, காதோரமாக. அதில் கோபம் இல்லை. மகளைப் பார்த்த ஆசைதான் இருந்தது. அதுதான் அவளைக் குலைநடுங்க வைத்தது.

இடைவெளி. முன்னைவிட நீளம்.

மார்பு எழுந்தது.

இன்னும் நீளம்.

சிட்டுவின் உதடுகளில் நீலம் படர்ந்தது. அவள் கட்டிலில் ஏறி, குழந்தையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, திறந்திருந்த அந்தச் சின்ன வாயை மடலின் இருட்டோடு சேர்த்து ஏந்தினாள்.

"விடுங்க" என்றாள். "இன்னொரு மூச்சு விடுங்க."

காகிதம் அசையவில்லை. அவள் ஏந்திக்கொண்டே நின்றாள்.