அறாமல் விழுந்த அறுபது படங்கள்

"அக்கா, என் பேரே போச்சு!" என்றபடி பாஸிலா கடைக்குள் நுழைந்தபோது ரஃபி டீயை வாய்க்குக் கொண்டுபோயிருந்தான். அப்படியே கீழே வைத்துவிட்டான். வம்பு வழக்கு என்றால் அவனுக்குச் சோறுகூட வேண்டாம்.

பேகம்பூரில் அந்த மெமரி கார்டு கடையை நடத்துவது அவன் மனைவி நுஸைபா. அழிந்த படங்களை மீட்பதில் எமகாதகி.

"உட்காரு. நடந்ததைச் சொல்லு" என்றாள் நுஸைபா.

பாஸிலா மூச்சுவிடாமல் கொட்டினாள். ரெட்டியார்சத்திரத்தில் நேற்று மாட்டுவண்டிப் பந்தயம். எல்லைக் கோட்டில் படமெடுக்கும் வேலை இவளுக்கு. கடைசிப் பந்தயத்தில் இரண்டு வண்டிகள் மூக்கோடு மூக்காக வந்தன. கோட்டைத் தொட்ட அந்தக் கணம் மட்டும் இவள் கார்டில் இல்லை.

"தோத்த வண்டி எங்க மாமாவோடது. அதனால நான்தான் அழிச்சிட்டேன்னு சொல்றாங்க. நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. இனி எந்தப் பந்தயத்துலயும் என்னைய அண்டவிட மாட்டாங்கக்கா. அங்க படமெடுத்த இன்னொரு போட்டோக்காரன் விக்னேஷ்குமார் வேற, 'என் பழைய கார்டுலயே அறுபது படம் அறாம விழுந்துச்சு'ன்னு பெருமை பேசுறான்."

"கடைசிப் பந்தயத்துக்கு எந்தக் கார்டு போட்ட?"

"உங்ககிட்ட வாங்குனதுதான். ரஃபி அண்ணனைக் குதிக்கச் சொல்லி இருநூறு படம் எடுத்துப் பார்த்தோமே? அப்புறம் ஃபார்மேட் பண்ணி, தொடாம பையில வச்சிருந்தேன். நேத்து மத்தியானம் பந்தல்ல பையை வச்சிட்டுச் சாப்பிடப் போனேன். விக்னேஷ் பையும் பக்கத்துலதான் இருந்துச்சு."

நுஸைபா படங்களைத் திறந்தாள். "4471-க்கு அடுத்து 4472. அழிச்சிருந்தா நம்பர் விட்டுப்போயிருக்கும். ஆனா ரெண்டுக்கும் நடுவுல மூணு செகண்டு இடைவெளி. கேமரா திணறியிருக்கு."

"ஆமாக்கா! சிவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு."

"கேமரா படத்தை முதல்ல தன் வயித்துல வாங்கி, அப்புறம் கார்டுல இறக்கும். கார்டு ஆமையா இருந்தா வயிறு ரொம்பி நின்னுபோகும்." கார்டை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். "கம்பெனி அதே, நிறம் அதே. ஆனா நான் வித்தது வேகமான V90. இதுல V30ன்னு போட்டிருக்கு. இது உன் கார்டே இல்ல."

கார்டின் ஓரப் பள்ளத்தில் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது.

"பந்தயத்துச் செம்மண்ணு!" என்று ரஃபி பாய்ந்தான்.

நுஸைபா ஈரப்பஞ்சால் தொட்டு அவன் மூக்கருகே நீட்டினாள். "செம்மண்ணு இம்புட்டுச் செவக்குமா? மோந்து பாருங்க."

சந்தன வாசனை! ரஃபிக்குப் புல்லரித்தது.

"குங்குமமும் சந்தனமும். ஆயுத பூஜைக்குக் கேமராவோட சேர்த்துக் கார்டுக்கும் பொட்டு வச்சிருக்காங்க. பாஸிலா, உங்க வீட்டுல வைப்பீங்களா?"

அழுதுகொண்டிருந்தவள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"அவனை இப்பவே சட்டையப் பிடிச்சு..." என்று எழுந்தான் ரஃபி.

"செத்த நேரம் சும்மா இருங்க. லேப்டாப்பை எடுங்க, போவோம்."

நாலு மணிக்குப் பந்தலில் கமிட்டித் தலைவர் ஆண்டிச்சாமி முறைத்தபடி உட்கார்ந்திருந்தார். விக்னேஷ்குமார் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாப்பிள்ளைபோல் நின்றான்.

"தம்பி, கேமராவுல இருக்கிறது உங்க பழைய கார்டுதானா?" என்று நுஸைபா பதமாகக் கேட்டாள்.

"ஆறு வருசமா அதே கார்டுதாங்க்கா."

"பழைய V30 கார்டு அறுபது படத்தை அறாம விழுங்காது தம்பி. சரி, ஃபார்மேட் பண்ணினாலும் பழைய படம் அடியில கிடக்கும். ஆறு வருசக் கல்யாணம், காதுகுத்து எல்லாம் வரணும்ல? பார்த்துருவோமா?"

அவன் கை கேமராவை இறுக்கிக்கொண்டது. ஆண்டிச்சாமி, "குடுப்பா" என்று அதட்டினார்.

பத்து நிமிடத்தில் திரையில் முதல் படம் எழுந்தது. கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. பேகம்பூர்க் கடை வாசலில், கைலியைத் தூக்கிப் பிடித்து, வாயைப் பிளந்தபடி அந்தரத்தில் நின்றான் ரஃபி. அடுத்த படத்திலும் ரஃபி. அதற்கடுத்ததிலும் அவனே. பந்தல் அதிரச் சிரித்தது.

விக்னேஷ்குமார் அப்படியே குந்திவிட்டான். "நாலு வருசமா கோட்டுக்கிட்ட நான் நின்ன இடம்ணே அது. இந்த வருசம் அவளுக்குக் குடுத்துட்டீங்க..." என்று முனகினான். ஆண்டிச்சாமி அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"தாயி, தப்பாப் பேசிட்டோம். அடுத்த வருசமும் கோட்டுக்கிட்ட நீதான் நிக்கணும்" என்றார்.

பாஸிலா நுஸைபாவின் தோளில் முகத்தைப் புதைத்து விம்மினாள். ரஃபிக்கும் கண் கலங்கியது. அதை மறைக்கத் திரைப்பக்கம் குனிந்துகொண்டான்.

"ஏம்மா பாஸிலா, இம்புட்டுப் படத்துல ஒண்ணுலயாவது நான் வாயை மூடியிருக்கேனா?"