அசையாதவர் பதிவார்

கழுவியெடுத்த புகைப்படத் தாளில் மேசை இருந்தது, காப்பிக் குடுவை இருந்தது, பகல் முழுக்கச் சமையலறையில் நடமாடிய ஐலா இல்லை. அது சரிதான். தகர டப்பாவில் செய்த ஊசித்துளைக் கேமராவில் நாளெல்லாம் ஒளி விழும்போது நகர்பவர்கள் கரைந்துபோவார்கள்; அசையாதவை மட்டுமே பதியும். ஆனால் காலியாகக் கிடந்த நாற்காலியில் யாரோ மங்கலாக உட்கார்ந்திருந்தார்கள்.

"துளை ஓரத்துல பிசிறு இருக்கும்க்கா," என்று தம்பி யோர்மா போனில் சிரித்தான். "ஊசியால குத்தச் சொன்னா நீ ஆணி அடிச்சிருப்ப."

"வாயை மூடுறா."

"சரி, சும்மா கேக்கறேன். அந்த வீட்ல யாருமே நிலைக்கல. எங்களோட வந்து இரேன்?"

"புருசனுக்குப் பயந்து ஒரு வீட்டை விட்டாச்சு. இதை விடமாட்டேன்."

கேமராத் துளைக்காக பியர் டப்பாவிலிருந்து புதுத் தகடு வெட்டினாள். அட்டைமேல் வைத்து, ஊடுருவாமல், பின்புறம் ஒரு சிறு மேடு எழும்வரை மட்டும் ஊசியை அழுத்தினாள். மேட்டை உப்புத்தாளால் தேய்த்தாள். மறுபடி அழுத்தி, மறுபடி தேய்த்து, விரல்களில் அலுமினிய வாடை ஏற, கடைசியில் மயிரிழை அளவு வெளிச்சம் கசிந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தாள். சுத்தமான வட்டம். பிசிறே இல்லை.

மறுநாள் படத்தில் நாற்காலி உருவத்தின் விரல்களை எண்ண முடிந்தது.

குற்றம் துளையில் இல்லை.

"என் நாற்காலி," என்றாள் காலிச் சமையலறையிடம். "எந்திரி."

தகர டப்பாவின் துளையை மூடிய கறுப்பு டேப்பை உரித்துவிட்டுத் தானே போய் உட்கார்ந்தாள். பின்லாந்தின் தாம்பரே நகரத்து ஜூன் வெயில் தரையிலிருந்து சுவருக்கு மெல்ல ஏறியது; குளிர்பெட்டி முனகியது; கூரையில் கடற்காகங்கள் கத்தின; ஆறிய காப்பி புளித்து நாறியது. தொடைகள் மரத்துப்போயின. அவள் அசையவில்லை.

குளியலறையின் சிவப்பு விளக்கில், மருந்துநீருக்குள் படம் எழுந்தது. ஐலா இருந்தாள். துல்லியமாக.

அவள் மடியில் அது.

முகத்தோடு முகம். மூக்கு உரசும் தூரம். பகல் முழுக்க.

போன் அடித்தது. யோர்மா. அணைத்தாள். டப்பாவில் புதுத் தாளைச் செருகினாள். டேப்பை உரித்தாள். உட்கார்ந்தாள்.

"பாத்துடலாம், யாரு முதல்ல எந்திரிக்கறாங்கன்னு."

தொடைமேல் கனம் இறங்கியது.

இரு கைகளையும் வீசி வெற்றுக்காற்றை வளைத்துப் பிடித்தாள். பலங்கொண்ட மட்டும் இறுக்கினாள்.

நடுவே எதுவோ தடுக்க, கைகள் ஒன்றையொன்று தொடவில்லை.