திட்டில் வைத்த தண்ணீர்

"நான் எப்ப சொன்னனான்? சங்குத்திட்டெண்ட பேரையே நான் வாயிலை எடுக்கேல்லை."

"எடுத்தனீங்கள். ஜெயதீபனுக்குச் சொல்லியிருக்கிறியள். அவை தொப்பியும் போட்டுக்கொண்டு வாசலிலை வந்து நிக்கினம். இப்ப இல்லையெண்டா நான் எந்த முகத்தோடை அவையைப் பாக்கிறது?"

"உன்ரை முகத்தை நீ பார். நான் அங்கை போகேலாது."

"ஏன் போகேலாது?"

அந்தக் கேள்வியோடு சத்தம் நின்றது. குருநகரில் காலை ஏழு மணிக்குப் புருசன் பெண்சாதி குரல் உயர்ந்தால் மதிலுக்கு மேலே தலைகள் முளைக்கும். அன்றும் முளைத்தன. பக்கத்து வீட்டு ஸ்ரெல்லா பாதி செதில் தட்டிய விளைமீனையும் கையில் பிடித்தபடியே வந்துவிட்டாள். லெனாட் பதில் சொல்லாமல் நின்ற நேரத்தை அவள் மனதுக்குள் அளந்து வைத்துக்கொண்டாள். பின்னேரத்துக்குள் நாலு வீட்டுக்கு அது போய்ச் சேர வேண்டுமே.

வாசலில் நின்ற விருந்தாளிகள் ரொறன்ரோக்காரர். ஆரபி, லெனாட்டின் பெண்சாதி லவீனாவோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவளுடைய புருசன் ஜெயதீபன் பிறந்தது என்னவோ கொக்குவில்தான். ஆனால் பன்னிரண்டு வயதில் விமானம் ஏறியவன், இப்போது சுளகு அகலத்தில் ஒரு தொப்பியோடும் மூக்கில் வெள்ளைக் களிம்போடும் வந்திருந்தான். நாலு நாளாக லெனாட்தான் அவர்களைத் தீவுகளுக்குக் கூட்டிக்கொண்டு திரிந்தான். நயினாதீவு பார்த்தாயிற்று. நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்த்தாயிற்று. காரைநகர்க் கடலில் குளித்து முதுகுத்தோலும் உரிந்தாயிற்று. இன்னும் ஆசை அடங்கவில்லை. சனமே இல்லாத தீவு வேண்டுமாம்.

"அண்ணை, நீங்கள்தானே மெசேஜ் அனுப்பினது," என்று ஜெயதீபன் போனை நீட்டினான். அழுத்தினான்.

"தம்பி, ஆரும் கால் வைக்காத இடம் ஒண்டு இருக்கு. சங்குத்திட்டு. நாளைக்குக் கூட்டிக்கொண்டு போறன். லவீனாவையும் கூட்டிக்கொண்டு வாறன்."

லெனாட்டின் குரல்தான். சந்தேகமே இல்லை. ஆனால் தொண்டை மட்டும் காய்ந்து கிடந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் நாக்கு அண்ணத்திலிருந்து பிய்ந்து வருகிற ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

"தடிமன் பிடிச்சுத் தொண்டை கட்டியிருக்குப் போலை," என்றாள் ஆரபி.

லெனாட் லவீனாவைப் பார்த்தான். அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி வரவில்லை என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொல்ல முடிந்த காரணம் ஒன்றுகூட அவனிடம் இல்லை.

ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆறு வருடத்துக்கு முன் லவீனாவைக் கலியாணம் முடிக்க இருந்தவன் எமில்ராஜ். கோயிலில் இரண்டு ஞாயிறு கலியாண அறிவித்தல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஞாயிறுக்கு முன் லெனாட்டோடு நண்டு வலைக்குப் போனவன் திரும்பவில்லை. காற்றடித்தது, படகு சரிந்தது, ஆளைக் கடல் கொண்டு போய்விட்டது என்றான் லெனாட். உடல் அகப்படவில்லை. ஒன்றரை வருடத்தில் லவீனாவுக்கும் லெனாட்டுக்கும் கலியாணம். சாப்பாடு திறமாக இருந்தபடியால் சனம் அதிகம் கதைக்கவில்லை. கதைத்தவர்களும் கையைக் கழுவின பிறகுதான் கதைத்தார்கள்.

ஊருக்குத் தெரியாதது வேறு. எட்டரை மணிக்குப் படகு இறங்குதுறையை விட்டு விலகியபோது, மண்ணெண்ணெய்ப் புகை முகத்தில் அடிக்க, லெனாட் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். நினைக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தான்.

கடற்காரரிடம் ஒரு முறை உண்டு. நல்ல தண்ணீர் இல்லாத திட்டுகளில் ஒரு பிளாஸ்ரிக் கானில் தண்ணீர் வைத்துவிட்டு வருவார்கள். இஞ்சின் பழுதாகி ஒதுங்குகிறவனுக்கு அதுதான் உயிர். தேவைக்குக் குடிக்கலாம். ஆனால் தொட்டவன், வெளிக்கிட முன் நிரப்பி வைக்க வேண்டும். நிரப்பாமல் வந்தவனோடு பிறகு ஒருவரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள்.

அன்று சங்குத்திட்டில் கான் காலியாகக் கிடந்தது லெனாட்டுக்குத் தெரியும். "எடுத்துக்கொண்டு வா மச்சான், நிரப்பி வைப்பம்," என்று எமில்ராஜை அனுப்பியது அவன்தான். எமில்ராஜ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, விசிலடித்தபடி ஏறிப் போனான். இடது கைக்காரன், இடது கையை வீசித்தான் நடப்பான். அவன் கானுக்குக் குனிந்த நேரம் லெனாட் நங்கூரத்தை இழுத்தான். எமில்ராஜின் போன் படகில் ஒரு பொலித்தீன் பையில் கிடந்தது. வைகாசி வெயில். திட்டில் நிழலுக்கு ஒரு மரம் இல்லை. அடுத்தநாள் போய் ஏற்றுவோம் என்றுதான் நினைத்தான் என்று முதல் வருடம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பிறகு அதைச் சொல்வதையும் விட்டுவிட்டான்.

ஒன்றரை மணித்தியால ஓட்டம். கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. ஆரபியும் லவீனாவும் பழைய ரீச்சர்மாரைப் பற்றிக் கதைத்துச் சிரித்தார்கள். லெனாட்டின் போன் ஆரபியின் பையில், படம் எடுக்கவென்று வாங்கி வைத்திருந்தாள். திட்டு முதலில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. பிறகு முருகைக்கல், தாழைப்பற்றை, காய்ந்த பாசியின் மணம், அந்த மணத்துக்கு அடியில் வேறு ஏதோ, நெடுநாள் திறக்காத வாயின் மணம்போல.

எலும்புகள் கிடக்கும் என்று அவன் பயந்தான். ஒன்றும் கிடக்கவில்லை. அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

"பாருங்கோ அண்ணை, சனம் இல்லையெண்டீங்கள். நடக்கிறதுக்குப் பாதை போட்டு வைச்சிருக்கினம்," என்றான் ஜெயதீபன்.

பாதைதான். திட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு ஆள் அகலத்தில், செக்கு மாடு சுற்றிய இடம்போல மண் இறுகிப் பளபளத்துக் கிடந்தது. தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. நண்டு வளை ஒன்றுகூட அதில் இல்லை. ஒரே ஒரு ஆளின் வெறுங்கால் தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து. மேலாக இருந்த தடத்தின் குதிக்குழியில் ஈரம் காயவில்லை.

"பறவை பாக்கிற ஆக்கள் வாறவை," என்றான் லெனாட். அவன் நாக்கு அண்ணத்தில் ஒட்டியது.

லவீனா அந்தப் பாதையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். தன் பாதத்தை ஒரு தடத்துக்குள் வைத்துப் பார்த்தாள்.

ஜெயதீபன் படம் எடுக்கிறேன் என்று மறுபக்கம் போய், முழங்கால் வரை கறுப்புச் சேற்றில் புதைந்து திரும்பி வந்தான். பிறகு ரொறன்ரோவில் வளர்ந்தவன் செய்யக்கூடியதைச் செய்தான். திட்டின் நடுவில், கற்குவியலின் கீழ் கழுத்து வரை நிரம்பியிருந்த நீலக் கானைக் கண்டான். எடுத்தான். இரண்டு காலையும் ஆறுதலாகக் கழுவினான். செருப்பையும் கழுவினான்.

"தம்பி," என்று லெனாட் ஓடி வருவதற்குள் கடைசிச் சொட்டும் மண்ணுக்குள் போய்விட்டது. மண் அதை உறிஞ்சிய சத்தம் அவனுக்குக் கேட்டது. ஒரு மிடறு. பிறகு இன்னொரு மிடறு.

"என்ன அண்ணை, இது ஆர் வைச்ச தண்ணி?"

அதுதான் லெனாட்டுக்கும் தெரியவில்லை. குருநகரில் இருந்து இந்தப் பக்கம் படகு வந்து வருடக்கணக்கு. யார் நிரப்பி வைத்தது?

"வெளிக்கிடுவம்," என்றான். "வெயில் ஏறுது."

"நிரப்பி வைச்சிட்டு வாங்கோ," என்றாள் லவீனா.

"ஆர் இதுக்குள்ளை வரப்போகினம்? விடு."

"எங்கடை ஆக்களுக்கு வைச்ச தண்ணி. படகிலை மற்றக் கான் முழுசாக் கிடக்கு. கொண்டுபோய் ஊத்திப்போட்டு வாங்கோ. நாங்கள் ஏறி இருக்கிறம்." விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தாள். "கடற்காரனெண்டு சொல்லிக்கொண்டு இதுக்குப் பஞ்சிப்படுறார்."

ஆரபியும் சிரித்தாள். ஜெயதீபன், தான் செய்த பிழைக்குத் தானே போவதாகச் சொன்னான். லவீனா விடவில்லை. இது படகுக்காரன் செய்கிற வேலையாம். இரண்டு பேர் முன்னால் ஆண்பிள்ளை எவ்வளவு நேரம்தான் மறுத்துக்கொண்டு நிற்பது. லெனாட் கானைத் தூக்கினான். இருபது லீற்றர். தோள் இறங்கும் பாரம்.

கற்குவியலுக்கு நூறு அடி இருக்கும். உச்சி வெயிலில் அவனுடைய நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. காற்று இல்லை. பறவைகளின் சத்தம் எப்போது நின்றது என்று அவன் கவனிக்கவில்லை, இப்போது கேட்கவில்லை என்பதை மட்டும் கவனித்தான். இருபது அடி போயிருப்பான், கானுக்குள் கடக் என்றொரு சத்தம் எழுந்தது. யாரோ விழுங்குவது மாதிரி. நின்று பார்த்தான். மூடி இறுக்கமாக இருந்தது. ஓட்டை இல்லை, ஒழுகவும் இல்லை. நடந்தான். கடக். கடக். கடக். மூச்சு விடாமல், வெறியோடு, நெடுநாள் தாகம் ஒன்று குடித்துக்கொண்டே வந்தது. கை இலேசானது. தோள் உயர்ந்தது.

குவியலடிக்கு வந்தபோது கான் வெறுமையாக இருந்தது.

உள்ளே உலர்ந்திருந்தது. வருடக்கணக்காக உலர்ந்திருந்தது. அடியில் உப்பு.

"ஏறுங்கோ, ஏறுங்கோ. வெயில் ஏறுது."

கரையில் இருந்து கேட்டது. அவனுடைய குரல்.

லெனாட் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"கெதியா வந்திட்டீங்கள் அண்ணை," என்றாள் ஆரபி.

"கெதியாவோ? ஆறு வருசம், தங்கச்சி."

ஆரபி சிரித்தாள். ஜெயதீபனும் சிரித்தான். லெனாட் அண்ணையின் பகிடி.

அவன் திரும்பினான்.

படகில் நாலு பேர். எண்ணினான். தொப்பி ஒன்று. ஆரபியின் சிவப்புச் சால்வை. லவீனா. நாலாவது ஆள் பின்னணியத்தில், இஞ்சினடியில். லெனாட்டின் சட்டை. லெனாட்டின் மொட்டைத்தலை. லெனாட்டின் முதுகு. ஒருவன் தன் முதுகைத் தானே பார்க்கக் கூடாது.

கத்தினான். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. நாக்கு பிய்ந்து வந்தது, அவ்வளவுதான். சின்னச் சத்தம்.

ஓடினான். முருகைக்கல் காலைக் கிழித்தது. இரத்தம் வரவில்லை.

பின்னணியத்தில் இருந்தவன் குனிந்தான். கயிற்றைப் பிடித்தான். இழுத்தான்.

இடது கையால்.

இஞ்சின் ஒரே இழுவையில் பிடித்தது.

லெனாட் தண்ணீருக்குள் இறங்கினான். முழங்கால். இடுப்பு. லவீனா திரும்பினாள். நேராக அவனைப் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது. அவன் தெரிந்தான். பிறகு அவள் தண்ணீர்ப் போத்தல் ஒன்றின் மூடியைக் கழற்றினாள். இஞ்சினடியில் இருந்தவனிடம் நீட்டினாள். அவன் அண்ணாந்து குடித்தான். குடித்துக்கொண்டே இருந்தான். அவள் அவன் முதுகைத் தடவிவிட்டாள்.

படகு சிறுத்தது.

இறங்குதுறைக்குப் படகு இரண்டு மணிக்கு வந்தது. ஸ்ரெல்லா தன் கண்ணால் கண்டாள். லெனாட்தான் முதலில் இறங்கி, ஆரபிக்குக் கை கொடுத்தான். அந்தக் கிழமை முழுவதும் மதிலுக்கு அந்தப் பக்கம் சண்டை இல்லை. கேட்டுக் கேட்டு ஸ்ரெல்லாவுக்குக் காதுதான் வலித்தது. லெனாட் சாராயத்தை விட்டான். ஞாயிறு பூசைக்கு லவீனாவோடு முன்வாங்கிலில் இருந்தான். கிணற்றடியில் வாளியோடு வாய் வைத்துக் குடிக்கிறான், நாளுக்கு எத்தனை தரம் என்று கணக்கில்லை என்று ஸ்ரெல்லா சொன்னாள். சீனி வியாதியாக இருக்கும் என்று சனம் சொன்னது. லவீனா உடம்பு போட்டாள். கலியாணத்துக்கு முன்னம் பாடின மாதிரி, உடுப்புத் தோய்க்கும்போது பாடினாள்.

ஆரபியும் ஜெயதீபனும் ரொறன்ரோவுக்குத் திரும்பிப் போய், எடுத்த படங்களை எல்லாருக்கும் அனுப்பினார்கள். நல்ல படங்கள். ஆவணியில் லவீனாவும் புருசனும் வீட்டை விற்றுவிட்டு மன்னாருக்கு, பேசாலைக்குக் குடிபோனார்கள். அங்கே ஒரு பெட்டைக் குழந்தையும் பிறந்திருக்கிறதாம். இடது கையால்தான் எல்லாம் பிடிக்கிறதாம்.

போன மாதம் கடலட்டை பிடிக்கிற கிறிஸ்ரோபர் சங்குத்திட்டுக்குக் கிட்டவாக வந்தபோது பட்டப்பகலில் ஒரு ஆளைக் கண்டிருக்கிறான். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்ததாம். மொட்டைத்தலை. தோல் கருவாடாகி எலும்போடு ஒட்டியிருந்தது. உதடுகள் இல்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

"ஆர் மாதிரி இருந்தது?" என்று கேட்டாள் ஸ்ரெல்லா.

"லெனாட் மாதிரி."

"விசர்க்கதை கதையாதை. லெனாட் நேற்றும் பேசாலையிலை இருந்து எனக்குப் போன் எடுத்தவன்."

அதனால் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. குருநகர்ப் படகுகள் இப்போது அந்தத் திட்டை அரைமைல் விலத்தித்தான் ஓடுகின்றன. வற்றுக்கடல் நேரத்தில் பார்த்தால் அவன் விளிம்பைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறான்.