தாய்மாமன் வட்டம்

கௌதம்ராஜுக்கு மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் காதணி விழா. அதைப் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் இல்லை. காது குத்தினால் வலிக்கும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

கவலையெல்லாம் அவனுடைய அக்கா பாண்டிசெல்விக்குத்தான். ஆறாம் வகுப்பு படிக்கும் செல்வியிடம் அப்பா ஒரு பெரிய வேலையை ஒப்படைத்திருந்தார். விழாவுக்கு பிளெக்ஸ் செய்வது!

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிளெக்ஸ் இல்லாமல் ஒரு விழா நடந்துவிடுமா? காதுகுத்தோ கல்யாணமோ, மண்டப வாசலில் மாடி உயரத்துக்கு ஒன்று நிற்கும். அதில் பெரியப்பா, சித்தப்பா, மாமா, அவர்களுடைய நண்பர்கள் என்று வரிசை வரிசையாக முகங்கள். வருகிறவர்கள் பந்திக்குப் போவதற்கு முன் அண்ணாந்து தங்கள் படத்தைத் தேடுவார்கள். கிடைத்துவிட்டால் மீசையை நீவிக்கொண்டு உள்ளே போவார்கள். கிடைக்காவிட்டால் சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. செல்வியின் பெரியப்பா ஒருமுறை தன் படம் இரண்டாவது வரிசைக்குப் போனதற்காக ஒரு வருடம் யாரோடும் பேசவில்லை.

"நீதான் நல்லா வரையிறியே. எது எங்க இருந்தா அழகுன்னு உனக்குத்தான் தெரியும். எல்லார் படத்தையும் வாங்கிரு," என்று அப்பா தன் போனையே செல்வியிடம் கொடுத்துவிட்டார்.

எல்லோரும் படம் அனுப்பினார்கள். மீதி ஒருவர்தான். முத்துவீரன் மாமா. அம்மாவின் தம்பி. ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை செய்கிறவர்.

"மாமா, உங்க படம் வேணும். இப்பவே அனுப்புங்க. பிளெக்ஸ் கடைக்குக் கிளம்பிட்டோம்."

"இந்தா, இப்பவே அனுப்புதேன் மருமகளே!"

ராஜபாளையம் போகும் பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது படம் வந்தது. செல்வி திறந்து பார்த்தாள்.

மாவு மில்லுக்குள் விழுந்து எழுந்தவர் மாதிரி இருந்தார் மாமா. தலைமுடி வெள்ளை. புருவம் வெள்ளை. கண்ணிமைகூட வெள்ளை. அந்தத் தூசிக்கு நடுவில் இரண்டு கண்களும், ஈயென்று சிரிக்கிற பற்களும் மட்டும் தெரிந்தன. பின்னால் ஒரு லாரியின் டயர்.

செல்வி சட்டென்று போனைக் கவிழ்த்தாள். பக்கத்தில் இருந்த அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவளோடு படிக்கும் எலினா வருவாளே! போன மாதம் எலினாவின் அக்கா கல்யாணத்துக்கு வைத்த பிளெக்ஸில் அவளுடைய மாமா ராணுவச் சீருடையில், கூலிங் கிளாஸ் போட்டு நின்றார். வகுப்பே வாயைப் பிளந்து பார்த்தது. இந்தத் தூசி மாமாவைப் பார்த்தால் எலினா என்ன சொல்வாள்?

கடைக்குப் போனதும் அப்பா டீ குடிக்கப் போய்விட்டார். கடைக்கார கிளாட்வின் அண்ணன் கம்ப்யூட்டரில் முகங்களை ஒவ்வொன்றாக ஒட்டினார். ஒட்டியதோடு விடவில்லை. ஒரு பொத்தானைத் தட்டித் தட்டி எல்லோரையும் வெளுப்பாக்கினார். அப்பா பால்கோவா நிறத்துக்கு வந்துவிட்டார்.

"எல்லாம் சரி. தாய்மாமன் வட்டம் காலியா இருக்கேம்மா?" என்றார் கிளாட்வின் அண்ணன். மேலே நடுவில், கௌதமின் படத்துக்குப் பக்கத்தில், எல்லா வட்டத்தையும்விடப் பெரிய வட்டம் அது.

"மாமா படம் அனுப்பலைண்ணா," என்றாள் செல்வி. சொல்லிக்கொண்டே மேசைக்கு அடியில் போனை வைத்து அந்தப் படத்தை அழித்துவிட்டாள்.

"வட்டத்தைச் சும்மா விட்டா ஓட்டை மாதிரி தெரியுமே?"

செல்வி யோசித்தாள். பக்கத்து வீட்டு நாய் சிப்பாயின் படம் போனில் இருந்தது. அசல் ராஜபாளையம் நாய். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. தேர்தலில் நிற்கப் போவதுபோல் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும். கௌதமுக்கு அதுதான் உயிர்.

"சிப்பாயைப் போடுங்கண்ணா. தம்பிக்குப் பிடிக்கும்."

"மாமா பேரை எடுத்துரவா?"

"பேரு இருக்கட்டும்," என்றாள் செல்வி அவசரமாக. பேராவது இருக்கிறதே என்று அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குத்தான் கோபம்.

"ஒரு படம் அனுப்ப முடியலையா அவனுக்கு? போன்ல கேக்க மாட்டேன். நேர்ல வரட்டும், வச்சுக்கிடுதேன்!"

செல்வி தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடிவதற்குள் ஆட்கள் வந்து பிளெக்ஸைக் கட்டிவிட்டுப் போனார்கள். அப்பாவும் அம்மாவும் சமையலுக்கும் பந்திக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அதை நின்று பார்க்க நேரமில்லை.

தெருமுனையில் நையாண்டி மேளம் கேட்டது. தாய்மாமன் சீர் வருகிறது! தவிலும் நாதஸ்வரமும் முன்னால். பின்னால் குவாரியில் மாமாவோடு வேலை செய்கிறவர்கள், ஆளுக்கொரு தட்டோடு. வாழைப்பழம், லட்டு, கௌதமுக்குப் புதுச்சட்டை. நடுவில் மாமா. முகத்தில் பவுடர், மஞ்சள் சட்டை, மொடமொடவென்று வேட்டி.

மேளக்காரர்கள் மண்டப வாசலில் நின்று தாய்மாமனுக்கென்று தனியாக ஒரு சுற்று வாசிப்பார்கள். அது மாமாவுக்குச் செய்கிற மரியாதை. அவர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். மாமா ஆசையாக அண்ணாந்து பிளெக்ஸைப் பார்த்தார். செல்வியும் பார்த்தாள்.

கடையில் சின்னத் திரையில் பார்த்தபோது தெரியாதது, இப்போது மாடி உயரத்தில் தெரிந்தது. பெரிய வட்டத்துக்குள் சிப்பாய். அதற்கு நேர் கீழே கொட்டை எழுத்தில், "தாய்மாமன் முத்துவீரன், ஆலங்குளம்".

"ஏலே முத்து, உனக்கு எப்படா வால் முளைச்சது?" என்று கூட வந்தவர்களில் ஒருவர் கத்தினார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாதஸ்வரக்காரருக்கும் சிரிப்பு வந்து மூச்சு போய்விட்டது. மேளம் பாதியில் நின்றது.

மாமாவும் சிரித்தார். "நல்லாத்தானே இருக்கேன்? மூக்குதான் கொஞ்சம் நீளம்!"

ஆனால் செல்வி அவருடைய கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை பிளெக்ஸின் முதல் வரிசையில் தொடங்கி, ஒவ்வொரு முகமாக, கடைசி வரிசை வரைக்கும் போயின. வேறு எங்காவது இருக்கிறோமா என்று தேடின. பிறகு அவர் தன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

அம்மா விடுவிடுவென்று வந்தாள். "ஏலே, ஒரு படம் அனுப்பக் கையா வலிச்சது? இப்பப் பாரு, ஊரே சிரிக்குது!"

மாமா செல்வியைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான்.

"மறந்துட்டேன்க்கா," என்றார். "குவாரியில வேலை ஜாஸ்தி."

காது குத்தப் போவது தம்பிக்கு. எரிந்தது செல்வியின் காது. மாமா திட்டியிருக்கலாம். 'அனுப்பினேனே!' என்று சொல்லியிருக்கலாம். தனக்காக அவர் பொய் சொல்லிவிட்டாரே! செல்வியால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

எலினா அங்கேயும் கண்டுபிடித்து வந்துவிட்டாள்.

"ஏய் செல்வி! உங்க பிளெக்ஸில அந்த நாய் சூப்பர்! கீழ முத்துவீரன்னு போட்டிருக்கே, அவரு நாயோட ஓனரா?"

"எங்க மாமா," என்றாள் செல்வி.

"அப்ப அவங்க படம் எங்க?"

செல்வி எலினாவைத் தாண்டி எங்கோ பார்த்தாள். அப்போதுதான் மண்டப வாசலில் இருந்த கரும்பலகை கண்ணில் பட்டது. 'பந்தி மாடியில்' என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். கீழே இரண்டு மூன்று சாக்பீஸ் கிடந்தன.

செல்வி ஓடினாள். பட்டுப்பாவாடையின் நுனியாலேயே பலகையைத் துடைத்தாள். சாக்பீஸை எடுத்து வரையத் தொடங்கினாள்.

முதலில் இன்றைக்கு வந்த மாமாவை வரையப் பார்த்தாள். படிய வாரிய தலை, காலர் வைத்த சட்டை. நாலு கோடு போட்டதும் கை நின்றுவிட்டது. இதுவும் அந்தத் தூசிப் படத்தை மறைக்கிற வேலைதானே? கோடுகளை அழித்தாள். கண்ணை மூடினாள். போனிலிருந்து அழித்த படம், மனதில் அப்படியே இருந்தது.

சாக்பீஸைப் படுக்க வைத்துத் தேய்த்தாள். உள்ளங்கையால் தடவினாள். வெள்ளைத் தலைமுடி வந்தது. வெள்ளைப் புருவம், வெள்ளை இமை. கண்ணுக்கு மட்டும் கறுப்பை விட்டாள். கடைசியாக அந்த ஈயென்ற சிரிப்பு. பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் தூசியில் இருமல் வந்தது.

"ஏட்டி! பட்டுப்பாவாடையில என்னட்டி இது?" என்று கத்திக்கொண்டே அம்மா வந்தாள். மாமாவும் வந்தார். கூட்டமே வந்துவிட்டது.

செல்வி திரும்பி நின்று சொன்னாள்.

"மாமா படம் அனுப்பினாங்கம்மா. இப்படித்தான் இருந்தாங்க. எல்லாரும் சிரிப்பாங்கன்னு எனக்கு வெட்கமா இருந்துச்சு. நான்தான் போடலை. அனுப்பலைன்னு பொய் சொல்லிட்டேன்."

அம்மாவின் கை உயர்ந்தது. மாமா நடுவில் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுக்கா. நல்ல நாள்ல." பிறகு செல்வியிடம் குனிந்தார். "நீ இப்பவே வேணும்னு சொன்னியா, மூஞ்சி கழுவப் போனா நேரமாயிரும்னு அப்படியே எடுத்து அனுப்பிட்டேன். பொறவு பார்த்தா, அம்புட்டும் தூசி! எனக்கே கூச்சமாத்தான் இருந்துச்சு."

"தப்புதான் மாமா," என்றாள் செல்வி. கண்ணீர் வழிந்து, கன்னத்தில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளில் கோடு போட்டது.

"படம் போடாததுகூடப் பரவாயில்லை." மாமா அண்ணாந்து பிளெக்ஸைப் பார்த்தார். "நாயைப் போட்டியே, அதுதான் மனசுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு மருமகளே."

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது வால் முளைத்ததா என்று கேட்டவர் பலகைக்குப் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தார்.

"ஏ, இங்க பாருங்கலே! நம்ம முத்துவேதான்! வேலை முடிஞ்சு வாரப்போ இதே மூஞ்சிதான், இதே பல்லுதான்! ஏம்மா, என்னையும் இப்படி வரைவியா?"

"என்னையும்!" என்றார் இன்னொருவர்.

"எங்க மாமா ராணுவத்துல ஒரு நாள் இதைவிட மோசமா இருந்தாங்க," என்றாள் எலினா. "முழுக்கச் சேறு. அந்தப் படத்தை அத்தை யாருக்கும் காட்ட மாட்டாங்க."

தவில்காரர் சத்தமில்லாமல் தவிலைத் தோளில் மாட்டினார். பலகைக்கு நேர் எதிரே வந்து நின்றார். பாதியில் நின்றுபோன தாய்மாமன் சுற்றை முதலிலிருந்து தொடங்கினார். நாதஸ்வரம் சேர்ந்துகொண்டது. இந்தத் தடவை யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மாமா கைகட்டி நின்று, சுற்று முடிகிறவரை தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த பிளெக்ஸை அவிழ்த்துரவா?" என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இருக்கட்டும் அத்தான். சிப்பாய் என்ன பாவம் செஞ்சான்?"

மாமாவின் மடியில் வைத்துக் கௌதமுக்குக் காது குத்தினார்கள். முதல் காதுக்கு அவன் ஏமாந்துவிட்டான். இரண்டாவது காதுக்கு அவன் போட்ட சத்தத்தில் மேளமே கேட்கவில்லை. போதாததற்கு மாமாவின் புதுச்சட்டையையும் கடித்து வைத்தான்.

அன்று பிளெக்ஸுக்கு முன்னால் நின்று யாரும் படம் எடுக்கவில்லை. எல்லோரும் கரும்பலகையோடுதான் எடுத்தார்கள். குவாரிக்காரர்கள் எடுத்தார்கள். எலினா இரண்டு தடவை எடுத்தாள். கடைசியாக போட்டோகிராபர், "குடும்பம் வாங்க!" என்று கூப்பிட்டார்.

செல்வி ஓரமாகப் போய் நின்றாள். மாமா அவளைக் கையைப் பிடித்து இழுத்துத் தனக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"செத்த நேரம் பொறுங்க," என்றார் போட்டோகிராபரிடம். பலகைக்குக் கீழே உதிர்ந்துகிடந்த சாக்பீஸ் தூளை விரலால் வழித்தார். தன் கன்னங்களில் பூசிக்கொண்டார். மீதியைச் செல்வியின் புருவத்திலும் மூக்கிலும் தடவினார்.

"ஏட்டி, முகத்தைத் துடை! படத்துல எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா.

"மாமா மாதிரியே தெரியும்," என்றாள் செல்வி. துடைக்காமல், ஈயென்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.