வெயிலைப் பார்க்காத நாற்றுகள்

நாற்றுகள் வெயிலைப் பார்க்கவில்லை. யாம்னா அதைக் கவனித்தபோது அடுப்பில் தேநீர்க் கெண்டி இன்னும் கொதிக்கத் தொடங்கவில்லை. அவள் புருஷன் அல்லால் கடைசிக் குழித்தட்டையும் முற்றத்து அத்திமர நிழலோரம் இறக்கி வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் நிமிர்ந்திருந்தான். வெயில் எதிரே மலைப்பக்கமிருந்து வந்தது. கஞ்சாச் செடி வெயிலுக்கு அலைகிற சாதி, இந்த ரீஃப் மலையில் பேசத் தெரியாத பிள்ளைக்கும் அது தெரியும். ஆனால் தட்டுத் தட்டாக நின்ற அத்தனை நாற்றும் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுப்பக்கம் சாய்ந்திருந்தன. வாசலில் அவள் நின்றாள். அவள் தோளில் பிள்ளை அய்யூப் தூங்கிக்கொண்டிருந்தான்.

“ஏங்க, இதெல்லாம் ஏன் இந்தப் பக்கம் சாயுது?”

“பொறந்ததுலேர்ந்து ரூமுக்குள்ளயே கெடந்ததுல்ல, காத்து பட்டதும் கூசுது” என்றான் அல்லால். “நீயும் நாப்பது நாள் உள்ள கெடந்துட்டு இன்னிக்குத்தான் கண்ணச் சுருக்கிட்டு வந்து நிக்கிற. உன்ன யாராவது கேட்டாங்களா?”

சுவரோரம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாமியார் தாமோ சிரித்தாள். “பேரனுக்கும் நாத்துக்கும் ஒரே நாள்ல வெளிக்காத்து. ரெண்டும் நல்லாத் தேறணும், பிஸ்மில்லா.”

ரெண்டும் தேறணும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னது யாம்னாவுக்குப் பிடிக்கவில்லை.

அவள் பிறந்த வீட்டிலும் கிஃப் என்கிற இந்தக் கஞ்சாதான் பயிர். அங்கே விதையைக் கோதுமை மாதிரி வயலில் அள்ளி வீசுவார்கள், மழை பார்த்துக்கொள்ளும். இந்த வருஷம் அல்லாலுக்கு அரசாங்க அனுமதி கிடைத்தது. கூட்டுறவுச் சங்கம் கொடுத்த புது விதைக்கோ மகாராணி மவுசு. குளிர் ஆகாது, காற்று ஆகாது, வீட்டுக்குள் வைத்து விளக்கு போட்டு வளர்க்க வேண்டும். வீட்டில் கணப்பு உள்ள அறை ஒன்றுதான், அது யாம்னா பிள்ளை பெற்றுப் படுத்திருந்த அறை. பிள்ளை பிறந்து தொட்டில் கட்டிய அதே வாரம் அல்லால் சுவரோரம் பலகை அடித்துக் குழித்தட்டுகளை அடுக்கிவிட்டான்.

அதிலிருந்து அந்த நாற்றத்தோடுதான் அவள் குடித்தனம். கிஃப் வாசனை அவளுக்குப் பழக்கம், அது மூக்கில்கூட ஏறாது. இது வேறு. அறையின் வெக்கையில் தட்டு மண் வியர்த்தது. அதன் மேல் சளி படர்ந்த மாதிரி ஒரு பளபளப்பு, விரலால் தொட்டால் நூல் இழுத்துக்கொண்டு வந்தது. பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று மாமியார் தினமும் வெந்தயம் போட்ட கோழிச் சாற்றில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊட்டினாள். அவள் வியர்வையில் வெந்தயம் வீசியது, பாலில் வீசியது. சில நாளில் நாற்று இலையைக் கசக்கினால் அதிலும் வீசியது. அதற்கடியில், கழுவாமல் மூலையில் போட்டு வைத்த பிரசவத் துணியின் நாற்றம். சாப்பிட உட்கார்ந்தால் ஓங்கரித்துக்கொண்டு வரும். பச்சை உடம்புக்கு அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளை தேறவில்லை, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அய்யூப் நன்றாகத்தான் குடித்தான், மார்பு வற்றும்வரை விடமாட்டான். ஆனால் குடித்ததெல்லாம் எங்கே போகிறதென்று தெரியவில்லை. தொடையில் தோல் தொங்கியது. வீட்டுக்கு வந்த சுகாதார நிலையத்து நர்ஸ் தராசில் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள், இன்னும் இப்படியே போனால் பட்டணத்து ஆஸ்பத்திரிதான் என்றாள். மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் விழுந்துவிடும் தொப்புள்கொடி இவனுக்கு இன்னும் விழவில்லை. கறுத்து, ஈரமாய், மாமியார் தடவும் சுர்மா மையும் ஆலிவ் எண்ணெயும் ஊறிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. துணி மாற்றும்போதெல்லாம் யாம்னா முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அதைத் துடைப்பாள். பெற்ற பிள்ளையிடமே அருவருப்பா என்று பிறகு தனியாக அழுவாள்.

நாற்றுகளோ கொழுகொழுவென்று வளர்ந்தன. பார்க்க வந்தவர்கள் எல்லாம் மண் எங்கே எடுத்தாய் என்றுதான் கேட்டார்கள். அல்லால் மீசைக்குள் சிரிப்பான், சொல்லமாட்டான்.

தேநீர் குடித்து முடிந்ததும் அல்லால் தட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தான். இனி வெயிலைப் பார்க்கும் என்று சொல்லிவிட்டு வாய்க்கால் பக்கம் போனான். யாம்னா பிள்ளையைத் தோளில் போட்டபடி வாசற்படியில் உட்கார்ந்தாள். காற்று வந்தது. இலைகள் ஒன்றோடொன்று உரசின. சப்புக்கொட்டுகிற மாதிரி ஈரமாக ஒரு சத்தம். உடனே அவள் மார்பு இறுகி, பால் சுரந்து, சட்டை முன்பக்கம் நனைந்தது.

பிள்ளை அழவில்லை. தூங்கிக்கொண்டிருந்தான்.

இப்படி நடப்பது இது முதல் தடவை இல்லை என்று அவளுக்கு அப்போது நினைவு வந்தது. அறையிலும் அப்படித்தான், தட்டுகள் காய்ந்த நேரங்களில்தான். பிள்ளை சும்மா இருக்கும்போது பால் வடியும். உடம்பு என்று விட்டுவிட்டிருந்தாள்.

நாற்றுகள் மறுபடியும் வாசலைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

அவள் எழுந்து முற்றத்தின் இந்தக் கோடிக்கு நடந்தாள். நின்று பார்த்தாள். காற்று இல்லை. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு முதல் தட்டில் ஒரு தண்டு அசைந்தது. அதற்குப் பின்னால் அடுத்தது. தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர்கள் போல, அவசரமில்லாமல், எல்லாம் இந்தப் பக்கம் திரும்பின. அந்தக் கோடிக்குப் போனாள். அந்தப் பக்கம் திரும்பின.

“மாமி, இவனக் கொஞ்சம் வெச்சுக்கங்க.”

பிள்ளையை மாமியார் மடியில் போட்டுவிட்டுத் தனியாக நடந்தாள். ஒன்றும் அசையவில்லை. அவள் அவற்றுக்கு வேண்டாம். அவை கிழவியின் மடியைப் பார்த்தபடி நின்றன.

அவள் குனிந்து கையில் அகப்பட்ட நாற்று ஒன்றைப் பிடித்தாள். தண்டு வெதுவெதுப்பாக இருந்தது. பூனை மயிர் படர்ந்திருந்தது, பிறந்த அன்று அய்யூப்பின் முதுகில் இருந்ததைப் போல. கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினாள்.

சுவரோரம் மாமியார் மடியில் பிள்ளை வீறிட்டான்.

பசியில் அழுகிற அழுகை இல்லை. அறுபடுகிற அலறல். அவள் ஓடி வந்தபோது மாமியார் துணியை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்புளைச் சுற்றி ரத்தம் துளிர்த்திருந்தது. கிழவி மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தாள். கையில் பிடுங்கிய நாற்று அப்படியே இருந்தது. வேரிலிருந்து வெளுத்த தண்ணீர் சொட்டியது. வேர் இருந்த இடத்தில் மண்ணோடு ஒரு கொழகொழத்த உருண்டை, ஆட்டுக்குடலைச் சுற்றிக்கொண்டிருக்கும் சவ்வு மாதிரி ஒன்று, அதற்குள் ஓடிய மெல்லிய சிவப்பு நரம்புகள். உருண்டையை இறுக்கிக் கட்டியிருந்தது ஒரு கம்பளி நூல். சிவப்பு, இடையில் வெள்ளை.

மாமியார் இடுப்பில் உடுத்தியிருந்த வரித்துணியும் சிவப்பும் வெள்ளையும்தான். அதன் ஓரத்தில் ஒரு நூல் உருவப்பட்டிருந்தது. பிள்ளை பிறந்த அன்று அந்த நூலால்தான் எதையோ துணியில் பொட்டலமாய்க் கட்டி எடுத்துப் போனாள். யாம்னா படுக்கையிலிருந்து பார்த்தாள்.

“மாமி. நஞ்சுக்கொடிய எங்க பொதச்சீங்க?”

“நல்ல எடத்துலதான்டி. நாய் தோண்டாத எடமா...”

“எங்க?”

“ஆட்டுப்பட்டி மூலையில. மண்ணு மெதுவா இருந்துச்சு.”

அதற்குள் வாய்க்காலிலிருந்து அல்லால் வந்துவிட்டான், பிள்ளையின் அலறல் அதுவரை கேட்டிருக்கிறது. தாமோ மகனைப் பார்த்தாள். “தட்டுக்கு மண்ணு எங்கடா எடுத்த?”

“ஏன், பட்டி மூலையிலதான். கருகருன்னு கெடந்துச்சு, எரு மாதிரி.” அவனுக்கு அப்போதும் பெருமைதான். “வேர், குப்பையெல்லாம் கெடந்துச்சு, நல்லாக் கையால மசிச்சு எல்லாத் தட்டுலயும் கலந்து விட்டேன்.”

கையால் மசித்து. எல்லாத் தட்டிலும். யாம்னா சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள்.

அல்லால் நம்பவில்லை. பெற்ற உடம்பு, ரத்தம் குறைவு, அதனால் கண்டதெல்லாம் தோன்றுகிறது என்றான். வேண்டுமானால் இவ்வளவையும் பிடுங்கித் தீயில் போடட்டுமா என்று கோபத்தில் தட்டுப் பக்கம் கையை நீட்டினான்.

“தொடாதடா!” என்று தாமோ கத்தினாள். அவள் கத்தி யாம்னா கேட்டதில்லை. “பிடுங்கவும் வேணாம், எரிக்கவும் வேணாம். புள்ள மேல ஆணை.”

“அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க? மொத நாள், பொழுது சாயறதுக்குள்ள உள்ள எடுத்து வைக்கணும். பனி பட்டா அத்தனையும் செத்துடும்.” அவன் ஒரு தட்டைத் தூக்கி யாம்னாவின் அறைக்குள் கொண்டுபோய் வைத்தான். திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கினான்.

செத்துவிடும் என்ற சொல்லில் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே விட்டால் சாகும், கூடவே பிள்ளையும். உள்ளே வைத்தால் பிள்ளையைக் குடிக்கும்.

“உன் உம்மா வீட்டுக்குப் போயிடு” என்றாள் தாமோ காதருகே. “அதுங்கள நான் பாத்துக்கறேன், வாட விடமாட்டேன். நீ புள்ளயத் தூக்கிட்டு எட்டிப் போ. தூரம் போனா விட்டுடும்.”

“விட்டுடுமா மாமி?”

கிழவி பிள்ளையைத் துணியில் இறுக்கிச் சுற்றி அவள் கையில் கொடுத்தாள்.

கீழே பள்ளத்தாக்குக்குப் போகிற டாக்சியைப் பாதையில் மறித்து ஏறினாள். ஓட்டுகிறவன் தெரிந்தவன், வாய் ஓயாதவன். கண்ணாடியில் பின்னால் பார்த்துச் சிரித்தான். “அல்லால் வீட்டுச் செடியப் பாத்தியா? எல்லாம் ரோட்டப் பாத்துக் குனிஞ்சு நிக்குது. உன்ன வழியனுப்புது போல!”

திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் அவள் இருந்தாள். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. முற்றத்தில் மிச்சமிருந்த நாற்றுகள் தலை மண்ணில் முட்டும்படி வளைந்திருந்தன. ஓரத்துத் தட்டு ஒன்று கனம் தாங்காமல் குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. அறை சன்னல் கண்ணாடியில் உள்பக்கமிருந்து பச்சையாக என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டி வளைவில் திரும்பியது.

ஒவ்வொரு வளைவுக்கும் மூச்சு கொஞ்சம் லேசானது. தேவதாரு மரங்கள் போயின, பாறை போனது, ஆலிவ் தோப்புகள் வந்தன. சட்டை காய்ந்துவிட்டது. மூக்கில் அந்த நாற்றம் இல்லை. அய்யூப் அசந்து தூங்கினான். வழியில் ஒரு தடவை விழித்துப் பால் குடித்தான். குடித்துவிட்டு ஏப்பம் விட்டான். பிறந்ததிலிருந்து அவன் ஏப்பம் விட்டதில்லை. யாம்னா அழுதாள், ஓட்டுகிறவன் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டான்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்போது உம்மா வீட்டில் இருந்தாள். உம்மா வெந்நீர் வைத்தாள், பார்லி ரொட்டியும் ஆட்டுப்பால் கட்டியும் எடுத்து வைத்தாள். யாம்னா பசியோடு சாப்பிட்டாள், ஓங்கரிக்கவில்லை. அந்தச் சமையலறையில் புகையும் புதினாவும் மட்டும் மணத்தன.

உம்மா பேரனை மடியில் போட்டுத் துணியைப் பிரித்தாள். பிரித்தவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“அடியே, கொடி விழுந்துடுச்சுடி! இங்க பாரு!”

துணி மடிப்புக்குள் அது கிடந்தது. கறுத்து, காய்ந்து, ஒரு திராட்சைக் காம்பு அளவுக்கு. விட்டுவிட்டது. யாம்னா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் சாய்ந்தாள். விட்டுவிட்டது, விட்டுவிட்டது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

உம்மாவின் சிரிப்பு நின்றிருந்தது.

“வெளக்க எடு.”

“என்ன உம்மா?”

“எடுடி.”

விளக்கை எடுத்தாள். குனிந்தாள்.

தொப்புள் குழிக்குள் ஈரம். ஈரத்துக்கு நடுவே நூல் தடிமனில் வெளுத்த ஒரு தண்டு. அதன் தலையில், விதைத்தோல் இன்னும் கழன்று விழாத இரண்டு குட்டி இலைகள்.

யாம்னா விளக்கை இன்னும் அருகே கொண்டுபோனாள். அது விளக்கைப் பார்க்கவில்லை. மெல்ல, அவசரமில்லாமல், அல்லால் வீடு இருக்கும் மலைப்பக்கத்துச் சுவரை நோக்கித் திரும்பியது.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். அவள் சட்டை நனையத் தொடங்கியது.